பயந்து பயந்து வாசிக்கிறேன், வேலை நிலைக்குமா?

வணக்கம் அக்கா. எனக்கு 25 வயது, பிறந்து வளர்ந்தது ஜேர்மனியில், அப்பா அம்மா யாழ்ப்பாணம். பிரெஞ்சு ஹோர்ன் என்ற பித்தளை ஊதுகருவி படித்துவிட்டு, தேர்வில் ஆள் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று மொசார்ட் கொன்செர்ட்டோவும் பெத்தோவனின் 'பிடெலியோ' இசைநாடகத்தின் முன்னிசையில் இரண்டாம் ஹோர்னுக்கு வரும் பகுதியும் வாசித்து, ஒரு இசைக்குழுவில் இரண்டாம் ஹோர்ன் இடம் வாங்கிவிட்டேன். ஆனால் இது சோதனை வருடம், கடைசியில் குழுவினர் வாக்களித்தால்தான் நிரந்தரம். சுரம் உடைந்துவிடுமோ என்று அடக்கி அடக்கியே வாசிக்கிறேன். போன வாரம் முதல் ஹோர்ன்காரர் திரும்பி, "நீ வாசிக்கிறாயா இல்லையா?" என்றார், சிரித்துக்கொண்டுதான், ஆனாலும் அன்று தூக்கமே இல்லை. பக்கத்தில் இருப்பவர் பதற்றத்துக்குத் தான் போடும் பீட்டா புளொக்கர் மாத்திரையில் ஒன்று தந்தார். போடலாமா? சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா, குளிர்காலத்தில் இப்போதும் பம்ப் வேண்டும். வீட்டில் வேறு, "ஏன் இரண்டாவது, முதலாவது தரமாட்டார்களாமா?" என்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்த மாத்திரையை முதலில் திருப்பிக் கொடுங்கள். கை நடுக்கத்தையும் படபடப்பையும் அது குறைக்கும், நிறையக் கலைஞர்கள் போடுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும், உங்களுக்கோ மூச்சுதான் பிழைப்பு. டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம், சுரம் உடைவது. கிட்டத்தட்ட 3.7 மீட்டர் குழாய், மேலே போகப் போகச் சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும், உதடு கொஞ்சம் பிசகினால் பக்கத்துச் சுரம் வந்துவிடும். இது உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எப்போதாவது உடைகிற ஒரு சுரத்தை அவர்கள் பொறுப்பார்கள், கீழ்ச்சுரங்களில் தாங்க இரண்டாம் ஹோர்ன் இல்லையென்றால்தான் முதல் ஹோர்ன்காரருக்குக் கஷ்டம். அவர் கேட்டதும் அதைத்தானே? அடுத்த ஒத்திகைக்கு முன் அவரிடமே போய், எந்த இடத்தில் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் அதே இடங்களை, உடைந்தால் உடையட்டும் என்று முழு மூச்சில் வாசியுங்கள், பிறகு நண்பர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து வாசியுங்கள். பயம் உடனே போகாது, பயத்தோடேயே ஊதப் பழகுவீர்கள்.

வீட்டுக்கு ஒரு பதில்: ஹோர்ன் கலைஞர் சாரா வில்லிஸ் 2001 முதல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இருக்கிறார், அதன் பித்தளைக் கருவிப் பிரிவில் சேர்ந்த முதல் பெண். அவர் வாசிப்பதும் உங்களைப் போலக் கீழ்ச்சுரங்களைத் தாங்கும் கீழ் ஹோர்ன்தான். அம்மாவுக்கு யூடியூபில் போட்டுக் காட்டுங்கள்.

தூக்கமின்மை தொடர்ந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஹனோவர் இசைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கலைஞர்களுக்கென்றே ஒரு மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.