விதை மூட்டைக்கு ஜூன்தான் கெடு: சூடான் பற்றிக் கேட்டவர்களுக்கு

சூடானில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை மூண்டது. ஜூன் மழையோடு தொடங்கும் விதைப்புக்கு அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. போர் நடக்கும் இடங்களில் விதை, கால்நடை நிவாரண வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி விவசாயி: பட்டினி கிடக்கிறவனுக்குச் சோறு போடாமல் விதையைக் கொடுத்து என்ன புண்ணியம் அண்ணா?

சோறும் போட வேண்டும், விதையும் கொடுக்க வேண்டும். ஆனால் லாரிக் கணக்கைப் பாருங்கள். பத்து கிலோ சோள விதை இரண்டரை ஏக்கருக்குக் காணும். மானாவாரியில் சுமாரான மழைக்கே அரை டன் தேறும். ஆறு பேர் வீட்டுக்கு மாதம் 75 கிலோ தானியம் என்று வைத்தால் ஆறேழு மாதச் சாப்பாடு. பத்து டன் லாரி ஒன்று ஆயிரம் வீட்டுக்கு விதை கொண்டுபோய்விடும். அந்த ஆயிரம் வீட்டுக்கும் அதே அளவு தானியத்தை ஏற்ற ஐம்பது லாரி வேண்டும். ஐம்பதும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நின்று, கப்பம் அழுது, கொள்ளை போகாமல் ஊர் சேர வேண்டும். 2023 மழைக்காலத்தில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 10 லட்சம் விவசாயக் குடும்பங்களுக்கு மேல் விதை சேர்த்தது. சண்டைக்கு நடுவில் அது சின்ன வேலை இல்லை.

அங்கேயும் நம்மைப் போலச் சோளமும் கம்பும்தான். சோள மாவைப் புளிக்கவைத்து மெல்லிசாக வார்க்கும் ‘கிஸ்ரா’வைப் பார்த்தால் நம் வீட்டுத் தோசைக்கல் ஞாபகம் வரும்.

வவுனியாவிலிருந்து: அண்ணை, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிவரேக்க விதைநெல் தந்தவை. பசி தாங்காமல் அதைக் குத்திச் சாப்பிட்ட வீடுகளும் இருந்தது. அங்க அப்பிடி நடக்கேல்லையோ?

நடக்கும். வீட்டுக்கு வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லையே இரவோடு இரவாக வயலில் வாரி வந்த இளையான்குடி மாறனாரை நாம் நாயனார் என்கிறோம். பிள்ளை பசிக்கு விதையைப் பொங்கியவளைக் குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

அதனால் விதை மூட்டையோடு அறுவடை வரைக்கும் சாப்பாட்டுத் தானியமும் சேர்ந்து போக வேண்டும். இரண்டையும் இரண்டு அமைப்புகள் இரண்டு வெவ்வேறு மாதத்தில் கொடுத்தால் விதை அடுப்புக்குத்தான் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்து நேர்த்தி செய்த விதையைத் தின்றால் விஷம். அதற்காகத்தான் அதில் சாயம் ஏற்றுகிறார்கள். மூட்டையில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை போதாது, கொடுக்கிறவர் வாயால் சொல்ல வேண்டும்.

கணக்கர், திருச்சி: பேசாமல் பணமாகப் போட்டுவிடலாமே?

சந்தை நடக்கும் ஊரில் அதுதான் நல்லது. எதை வாங்குவது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சந்தை இருக்க வேண்டும், பணம் போய்ச் சேர வழியும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தொலைத்தொடர்பு விழுந்தபோது, ‘பன்கக்’ என்ற கைப்பேசி வங்கிச் செயலியை நம்பியிருந்தவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பணத்தில் ஓடிய தெருச் சமையற்கூடங்களும் பல இடங்களில் படுத்துவிட்டன.

பெயர் வேண்டாம்: விளைச்சல் கூடிவிட்டது என்று படித்தேன். அப்புறம் எப்படிப் பஞ்சம்?

இருக்கிற கேள்விகளில் இதுதான் முக்கியமானது. 2023-இல் தானிய விளைச்சல் சுமார் 41 லட்சம் டன், முந்தைய ஆண்டைவிட 46 சதவீதம் குறைவு. அந்த டிசம்பரில் வாத் மதனி நகரம் ஆர்.எஸ்.எஃப். கைக்குப் போனது. 1925 முதல் நீல நைல் தண்ணீரில் நடக்கும் கெசிரா பாசனத் திட்டத்தின் தலைநகர் மாதிரி அது. கிடங்குகள் சூறை, வாய்க்கால்கள் தூர். 2024-இல் நல்ல மழை. விளைச்சல் 67 லட்சம் டன்னுக்கு ஏறியது.

ஆனால் அதே 2024 ஆகஸ்டில்தான் நாட்டின் மேற்கே, வட டார்ஃபூரில் இடம்பெயர்ந்தோர் தங்கிய சம்சம் முகாமில் பஞ்சம் உறுதியானது. 2025 நவம்பரில் அதே மேற்கில் எல் ஃபாஷர், தெற்கே கடுக்லி நகரங்களும் பஞ்சப் பட்டியலில் சேர்ந்தன. கிழக்கே களத்துமேட்டில் குவிந்த சோளம், முற்றுகையில் கிடந்த இந்த ஊர்களுக்குப் போகவில்லை. வானம் பொய்த்து வந்த பஞ்சமில்லை இது, வழி மறித்து வந்தது. விதை கொடுப்பது எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். முற்றுகைக்குள் இருக்கிறவனுக்கு விதைக்க நிலமே இல்லை.

கல்லூரி மாணவி: பஞ்சம் என்று அறிவிக்க அளவுகோல் உண்டா சார்?

உண்டு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே இல்லாத நிலை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இரண்டு சாவு. அறிவிப்பு வரும்போது பாதிக் காரியம் கைமீறியிருக்கும்.

ஆடு வளர்ப்பவர், சிவகங்கை: கால்நடைக்கு என்ன செய்கிறார்கள்?

தடுப்பூசி, தீவனம், தண்ணீர். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு கிடையில் புகுந்தால் சில நாளில் கிடையே காலி. ஓடிப்போகிற குடும்பத்துக்குக் கூடவே நடந்துவரும் சொத்து ஆடுதான், குழந்தைக்குப் பாலும் அதுதான். தடுப்பூசியைக் குளிரில் வைக்க மின்சாரம் இல்லை என்பது தனிக் கதை.

விதை சேகரிப்பவர்: அவர்களுடைய பாரம்பரிய ரகங்கள் என்ன ஆயின?

வாத் மதனி விதை வங்கி சூறையாடப்பட்டது. நல்லவேளை, உலக நாடுகளின் விதைகளைக் காக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் ஒரு பகுதி ரகங்களின் பிரதிகள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் மேலும் சில சேர்ந்தன. சிரியாவின் அலெப்போவில் இருந்த விதை வங்கியைப் போரால் இழந்த இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 2015-இல் இந்தப் பெட்டகத்திலிருந்துதான் தன் விதைகளைத் திரும்ப எடுத்துப் பயிரிட்டது.

பொள்ளாச்சி விவசாயி (மறுபடியும்): லாரி தாமதமாக வந்தால்?

வந்திருக்கிறது. ஒரு முறை எங்கள் சோள விதை சாவடியில் ஐந்து வாரம் கிடந்துவிட்டு, மழை பாதி முடிந்த பிறகு ஊர் வந்தது. இனி விதைத்தால் சோளம் தேறாது; ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் எங்கள் கணக்கு நேராகியிருக்கும். ஒரு பாட்டி விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, “வெண்டை இருக்கா?” என்று கேட்டாள். வெள்ளம் வடியும் ஆற்றோர ஈரத்தில் அது வரும், காயவைத்தால் குளிர்காலம் முழுக்கக் குழம்புக்கும் ஆகும். சோளத்தைக் கிடங்கில் பூட்டிவிட்டு, வெண்டை விதை தேடி டவுனுக்கு ஆள் அனுப்பினோம்.