சுரைப் பிஞ்சு மஞ்சளாகி உதிருது, என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி: சுரை போட்டு 50 நாள் ஆச்சு. பந்தல் பூரா பூ இருக்கு, ஆனா பிஞ்சு கட்டைவிரல் சைஸ்லயே மஞ்சளாகி சுருங்கி விழுந்துடுது. வீடியோ பார்த்து காலைல 9 மணிக்கு கையால மகரந்தம் கூட தொட்டு விட்டேன், ஒண்ணும் நிக்கல. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து எதுவும் வேணாம் அண்ணே. நீங்க பண்ணின வேலை சரி, நேரம்தான் தப்பு. நீங்க பார்த்தது பரங்கிக்காய் வீடியோவா இருக்கும், அந்த மஞ்சப்பூ விடியக்காலைல விரியும். சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் பொழுது சாயும்போதுதான் விரியும், ராத்திரி அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்க்கணும்னே அப்படி. காலைல 9 மணிக்கு இதழெல்லாம் துவண்டு போயிருக்கும், மகரந்தத்துல வீரியமும் குறைஞ்சிருக்கும்.

இன்னொன்னு, நீங்க காய் பிடிச்சிருச்சுன்னு நினைக்கிற அந்தப் பிஞ்சு இன்னும் காயே இல்ல. அது பெண் பூவோட சூல்பை, மகரந்தம் சேர்றதுக்கு முன்னாடியே பூவுக்கு அடியில சின்னதா மயிரோட இருக்கும், சேரலைன்னா செடி அதை வச்சு வளர்க்காது, மஞ்சளாக்கி கழட்டி விட்டுடும். ஆண் பூவுல இந்தப் பிஞ்சு இருக்காது, நீளமான மெல்லிய காம்பு மட்டும்தான். அதுங்க தானா உதிரும், அதுக்கு கவலைப்பட வேணாம்.

இன்னைக்கு சாயங்காலம் பூ விரிஞ்சதும் ஒரு ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சிடுங்க, நடுவுல இருக்கற மஞ்சள் மகரந்தத்தூளைப் பெண் பூவோட சூலகமுடில (பூ நடுவுல மகரந்தம் ஒட்டிக்கிற பாகம்) மெதுவா தடவுங்க. அந்த சூலகமுடி மூணு மடலா இருக்கும், மூணுலயும் படணும், ஏன்னா ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் குழாய் விட்டு உள்ள இறங்கணும், ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் கோணலா ஒரு பக்கம் சூம்பி வரும் (சந்தைல அதை எவனும் எடுக்க மாட்டான்).

சாயங்காலத்துல பூச்சிமருந்து அடிக்கிற பழக்கம் இருந்தா பூ இருக்கற வரைக்கும் நிறுத்துங்க, வர்ற அந்துப்பூச்சியும் வராம போயிடும். யூரியாவும் இப்ப வேணாம், கொடியும் இலையும்தான் கிளம்பும்.

தொட்டு விட்ட பூவோட காம்புல ஒரு நூல் கட்டி வைங்க. சேர்ந்திருந்தா 4, 5 நாள்ல பிஞ்சு பருத்து கீழ தொங்க ஆரம்பிச்சிடும். அதுவும் விழுந்தா நறுக்கிப் பாருங்க, உள்ள புழு நெளிஞ்சா அது பழ ஈ, அதுக்கு வைத்தியமே வேற, போட்டோ எடுத்து அனுப்புங்க.