குழாயில் தண்ணீர் இல்லை, வெளியே உறைபனி: தைலக் கொப்பரையை எப்படிக் குளிர வைப்பது?

நீலகிரியில் எமரால்டு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தோட்டத்து ஓரத்தில் நிற்கும் கற்பூர மரங்களை, அதாவது யூகலிப்டஸ் மரங்களை, கழித்து, அந்த இலையை வீட்டின் பின்கட்டில் 60 லிட்டர் செம்புக் கொப்பரையில் போட்டுத் தைலம் காய்ச்சுகிறார். ஆவி வரும் குழாயைச் சுற்றி இன்னொரு பெரிய குழாய் உறை மாதிரி இருக்கிறது. ஹோஸில் வரும் தண்ணீர் அதற்குள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆவி குளிர்ந்து தைலமும் நீருமாக இறங்கும். டிசம்பர் பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. வருகிற அந்த விடியற்காலையிலும் வெளியே கிடக்கும் ஹோஸுக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் நின்றால் தைலம் ஆவியாகவே காற்றில் போய்விடுகிறது. தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் வாங்கச் சொல்லி ஒருவர் நச்சரிக்கிறாராம். இன்னொருவர் கார் கூலன்ட்டைக் கலந்தால் உறையாது என்று சொல்லி ஒரு கேனையே தலையில் கட்டிவிட்டாராம். என்ன செய்வது என்பது கேள்வி.

அம்மா, சில்லரும் வேண்டாம், கூலன்ட்டும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று, ஒரு இஞ்ச் குழாய் கொஞ்சம், ஒரு வால்வு, அவ்வளவுதான். ஆவியிடமிருந்து சூட்டைப் பிடுங்குவதுதான் தண்ணீரின் வேலை. அந்தத் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஆவிக்குத் தெரியாது.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் வடிநீர் கை பொறுக்கும் சூட்டில் இறங்க வேண்டுமானால், 5 டிகிரியில் இருக்கும் தண்ணீர் சுமார் 15 லிட்டர் 45 டிகிரி வரை சூடாக வேண்டும். இதே வேலைக்கு மே மாதத்தில், தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது, 24 லிட்டர் ஆகும். குளிர்காலம் உங்களுக்கு லாபம்தான், அதைப் போய் எதிரியாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கொப்பரையில் ஒரு தடவைக்கு எட்டு கிலோ இலை போடுவீர்கள், நாலு மணி நேரத்தில் பத்து லிட்டர் வடிநீர் இறங்கும், அதன் மேல் ஏறக்குறைய 80 மில்லி தைலம் மிதக்கும். பத்து லிட்டருக்கு 150 லிட்டர் குளிர்நீர் போதும். தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்துவிட்டால் அடுத்த நாள் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இப்போது இருக்கிற உறைக்குழாயையே வைத்துக்கொள்ளலாம். டிரம்மைக் கல் அடுக்கி அதைவிட உயரத்தில் வையுங்கள். டிரம்மின் அடியிலிருந்து ஒரு குழாய் உறையின் கீழ்வாய்க்கு வரட்டும், உறையின் மேல்வாயிலிருந்து இன்னொரு குழாய் டிரம்மின் மேல்பாகத்துக்குப் போகட்டும். உள்ளே சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தானாக இறங்கும். பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். மேலே போகிற குழாய் ஒரே ஏற்றமாகப் போக வேண்டும், நடுவில் திமில் மாதிரி வளைந்தால் காற்று அடைத்து ஓட்டம் நின்றுவிடும். அது டிரம்முக்குள் திறக்கிற வாய் எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். அரை இஞ்ச் தோட்ட ஹோஸ் இதற்கு ஆகாது. டிரம்முக்குள் கையை விட்டுக் கலக்கவும் கூடாது, மேலே சூடும் அடியில் குளிரும் தனித்தனியாக நிற்பதில்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது. காய்ச்சி முடித்ததும் மேலே நிற்கிற வெந்நீரை மொண்டு அடுத்த கொப்பரைக்கு ஊற்றுங்கள், விறகு மிச்சம். குளிக்கவும் ஆகும், அதனால் பூச்சிமருந்து வந்த பழைய டிரம்மை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வைக்காதீர்கள்.

வெளியேதான் இவ்வளவு குளிராக இருக்கிறதே, வெறும் குழாயை நீட்டிவிட்டால் காற்றே குளிர வைக்காதா என்று கேட்பார்கள். வைக்கும், ஆனால் உங்கள் அளவுக்கு முப்பது மீட்டர் செம்புக் குழாய் வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

டிரம் உறைந்துபோகாதா? நம் ஊர்க் குளிருக்கு 200 லிட்டர் உறையாது. தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் விடியற்காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் வெயில் வந்தால் ஏறிவிடுகிறது. மேலாக ஒரு கண்ணாடித் தகடு மாதிரி படியும், தட்டினால் உடையும். திறந்த வானத்துக்கு அடியில் இருப்பதுதான் முதலில் உறையும், அதனால் டிரம்மைக் கூரைக்குள் தள்ளிச் சாக்கு போட்டு மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளை மிலார் என்கிற புதர்ச்செடியைப் போட்டு மூடுவதும் இதற்குத்தானே. கூலன்ட் எதற்கு? அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், இனிப்பாக இருக்கும் விஷம். பின்கட்டில் திறந்த டிரம்மில் அதைக் கலந்து வைத்தால் நாயோ மாடோ வாய் வைத்துவிடும்.

உறையப்போவது மெல்லிய குழாயில் தேங்கும் தண்ணீர்தான். அதில் உறைக்குழாய் பெரிய விஷயமில்லை, தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் போல விரியும், தகடு கிழியும், ஆகவே மாலையில் வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். சுருள் குழாய் வைத்திருப்பவர்களும் சரி, உங்களைப் போல நேர்குழாய் வைத்திருப்பவர்களும் சரி, உள்குழாயைத்தான் கவனிக்க வேண்டும், ஆவி வருகிற குழாய். அது எங்காவது லேசாகத் தொய்ந்திருந்தால் நேற்றைய வடிநீர் இரண்டு கரண்டி அந்தப் பள்ளத்தில் நிற்கும், இரவில் அது தக்கை மாதிரி உறைந்து குழாயை அடைக்கும். காலையில் அடுப்பைப் பற்றவைக்கிறீர்கள், கொப்பரை கொதிக்கிறது, ஆவிக்குப் போக வழியில்லை. நம் உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே அழுத்தம் ஏறும். மூடி பறந்தால் வெந்நீரும் இலையும் தைல ஆவியும் கீழே எரிகிற அடுப்பின் மேலேயே கொட்டும். தைலம் சுலபமாகத் தீப்பிடிக்கும் சரக்கு. அதனால் அடுப்பைத் தொடுவதற்கு முன், மூடி வைப்பதற்கும் முன், அந்த உள்குழாயின் மேல்வாயில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்தில் கீழே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால்கூட நிறுத்திவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றுங்கள். வாயை வைத்து ஊதிப் பார்ப்பேன் என்பார்கள், ஊதினால் பாதி அடைப்பு தெரியாது. நேற்று ராத்திரி பனியே இல்லையே என்று ஒரு நாள் விடுவீர்கள், விடாதீர்கள், டிசம்பரிலிருந்து பிப்ரவரி முடியும்வரை தினமும் ஒரு சொம்பு.

இன்னொன்று, மூடி இடுக்கில் எம்-சீல் வைத்து அடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுரண்டி எறியுங்கள். மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒட்டுங்கள். அழுத்தம் ஏறினால் மாவு முதலில் பிய்த்துக்கொண்டு சீறும், நீங்கள் அடுப்பை அவிக்கலாம். எம்-சீல் பிய்யாது, அதுதான் அதன் குற்றம். தைலம் பிடிக்கிற ஜாடியையும் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள், ரப்பர் டியூப் போடாதீர்கள், தைலம் பட்டால் ரப்பர் ஊறிப்போகும்.

சரி, சில்லர் ஆசாமிக்கு வருவோம். இவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். வருஷா வருஷம் பனி விழுந்ததும் மேலே ஏறி வருவார்கள். பால் குளிரூட்டப் போட்ட பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்து எடுத்து வந்து, பனிக்காலத்தில் குளிர்ச்சியை விற்பார்கள், அந்தத் தைரியத்தை என்ன சொல்ல. சுருள் மாற்றித் தருகிறேன் என்றும் சொல்வார்கள். அவர் கொண்டுவரும் செம்புக் குழாயைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள், செம்பு முலாம் பூசிய இரும்பாகவும் இருக்கும். இணைப்புக்கு ஈயப் பற்று வைத்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள், குழந்தைகள் நெஞ்சில் தடவுகிற எண்ணெய் அது.

மெஷினுக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் அடுத்து வருவார். மானியமே பொய் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களை மாதிரி ஒருவருக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்கு நானே போயிருக்கிறேன். படிவத்தில் கூலிங் டவரின் குதிரைத்திறன் என்ன என்று ஒரு கட்டம். இவர் வைத்திருந்தது சோறு வடிக்கிற அண்டா அளவுக் கொப்பரை. "பூஜ்ஜியம்" என்று எழுதினோம், கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று திருப்பினார்கள், எண் போட்டால் பில் கேட்டார்கள். மூன்றாவது தடவை போனபோது அந்த மேஜைக்காரர் மாற்றலாகியிருந்தார். திரும்பி வருகிற வழியில் செக்போஸ்டில் சுருள் குழாயைப் பார்த்துவிட்டுச் சாராயம் காய்ச்சவா என்று ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள், கொப்பரையை முகர்ந்து பார்த்தாலே இலை வாசம் ஆளைத் தூக்கும், முகரத்தான் யாருக்கும் மனசில்லை. குழாயைக் கொண்டுபோகும்போது ஒரு பாட்டில் தைலத்தையும் கூடவே எடுத்துப்போங்கள், நிலத்துப் பட்டா நகலையும். மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருஷத்துச் சட்டம், செம்புச் சுருளைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பனிக்காலத்தில் உங்கள் பணம் போவது இங்கேதான். தைலம் வாங்க வருகிற வியாபாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, குளிரில் எண்ணெய் மங்கலாகிவிட்டது, கட்டி தட்டுகிறது, தரம் குறைவு என்று விலையை அடிப்பார். தைலத்தில் காசு பெறுகிற பொருள் சினியோல். அது சுத்தமாக இருந்தால் ஒன்றரை டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிரில் ஊசி ஊசியாகக் கட்டி விழுந்தால் சரக்கு உயர்ந்தது, விலை ஏற வேண்டும். மங்கலாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் கலந்து நிற்கிறது, இரண்டு நாள் தெளியவிட்டு மேலாக இறுத்தால் போயிற்று. அப்புறம் எடை. ஒரு லிட்டர் தைலம் 910 கிராம் போலத்தான் இருக்கும். தராசில் கிலோ நிறுத்து எடுத்துக்கொண்டு லிட்டர் விலையைக் கையில் வைப்பார்கள், பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் சும்மா போகிறது. விலை கிலோவுக்கா லிட்டருக்கா என்று பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே கேளுங்கள்.

மேல்வாய்க் குழாயில் கை வைத்தால் சூடு தெரிய வேண்டும், கீழ்வாய்க் குழாய் ஜில்லென்று இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் டிரம் முடிந்துவிட்டது, அடுப்பை இழுங்கள். மேலே சூடே வராமல் ஜாடியில் ஆவி அடித்தால் காற்று அடைப்பு, குழாயைத் தூக்கிக் குலுக்குங்கள். அந்தக் கூலன்ட் கேனை இன்னும் சீல் உடைக்காமல் வைத்திருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பாதிப் பணமாவது திரும்பும்.