கேளுங்கள் சொல்கிறேன்: ஆஸ்பத்திரிக்கு ஐபி போன்

கேள்வி: ஐயா, அரசு மருத்துவமனை ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வார்டு போன்களை எல்லாம் இணைக்கிற பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டியை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐபி போன் போடச் சொல்கிறார்கள். பில் பாதியாகும் என்கிறார் கம்பெனிக்காரர். ஆபரேட்டரும் நர்சுகளும் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் பில்லைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். வார்டுக்கு வார்டு பேசுவதற்கு இப்போதும் உங்களுக்குக் காசு கிடையாது. வெளியே பேசுகிற செலவும் முன்போல இல்லை. கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருந்து, ஒரே லேன் கேபிளில் கம்ப்யூட்டரும் போனும் ஓடினால்தான் உண்மையான லாபம்.

நான் முதலில் கேட்பது கரன்ட் பற்றித்தான். தொலைபேசித் துறையில் 31 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இது எனக்கு உயிர்ப் பிரச்சினை. பழைய போனுக்குத் தனியாக மின்சாரம் வேண்டாம். வருகிற இரண்டு கம்பியிலேயே 48 வோல்ட் வந்துவிடும். ஈபிஏபிஎக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி வரிசை இருந்தால் அதில் இணைந்த எல்லா போனும் பேசும். ஐபி போனுக்கு அப்படி இல்லை. அந்தந்த மாடியில் லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கிற பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்துதான் அதற்குக் கரன்ட் போகிறது. ஸ்விட்ச் அணைந்தால் அந்த மாடியே ஊமை.

ஓர் அரசு அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். சர்வர் அறைக்கு அருமையான யுபிஎஸ் வைத்திருந்தார்கள். மாடி ஸ்விட்சுகளை யாரும் நினைக்கவில்லை. காலை 11 மணிக்குக் கரன்ட் போனதும் 80 போனும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. அலுவலகம் என்பதால் ஃபைல்தான் தாமதமானது. உங்கள் இடத்தில் பிரசவ வார்டு இருக்கிறது. அதனால் மாடிக்கு மாடி யுபிஎஸ் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, ரத்த வங்கி, லிஃப்ட் ஆகிய நான்கு இடத்திலும் ஒரு பழைய லைன் அப்படியே இருக்கட்டும்.

இன்டர்நெட் வேகம் போதாது என்று பயமுறுத்துவார்கள். ஒரு போன் பேச்சு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட்தான் எடுக்கும். 30 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 3 மெகாபிட்டைத் தாண்டாது. தொல்லை வேறு இடத்தில் வரும். அதே கேபிளில் ஸ்கேன் படங்களும் சிசிடிவியும் ஓடினால் பேச்சு விட்டு விட்டு வரும். குரலுக்குத் தனிப் பாதை பிரித்து, அதற்கே முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் நர்சுகள். அவர்கள் சொல்வது பிடிவாதம் இல்லை அம்மா. ராத்திரி 2 மணிக்கு டாக்டரைக் கூப்பிடுகிறவருக்கு, கை தானாகப் போகிற நம்பர்தான் வேண்டும். பிரசவ வார்டு 214 என்றால் புதிய போனிலும் 214 ஆகவே இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு வார்டில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்த டாக்டர் எந்த நேரம் எங்கே இருப்பார் என்பது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவரைக் கூட வைத்துக்கொண்டு நம்பர் பட்டியலைப் போடுங்கள்.

கடைசியாக, வாரண்டி முடிந்தபின் யார் பார்ப்பார்கள்? குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் போய்விட்டால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். எல்லா பாஸ்வேர்டையும் எழுதி வாங்குங்கள். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றாத போன் சர்வருக்குள் வெளியாள் இன்டர்நெட் வழியாகப் புகுந்து, ஆள் இல்லாத லீவு நாளில் வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளுவது உலகமெங்கும் நடக்கிற திருட்டு. அந்த பில் உங்கள் தலையில்தான் விழும். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரசு அலுவலகம் இன்டர்நெட் போன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: கொடுக்கிறது. 2002 ஏப்ரலில் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி வந்தபோது, அதிலிருந்து இந்தியாவுக்குள் இருக்கிற போன் நம்பருக்குப் பேச அனுமதி இல்லாமல் இருந்தது. 2018இல்தான் அந்தக் கதவு திறந்தது. உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து இணைப்பு வாங்குங்கள், உரிமத்தின் நகலை ஃபைலில் வையுங்கள். ஆடிட்டில் கேட்டால் காட்டலாம்.