வீடியோ கேம்களின் பொற்காலம் உண்மையிலேயே இருந்ததா, இல்லை நமக்கு வயதாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறதா?

கேள்விக்குள்ளேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. 80களும் 90களும்தான் வீடியோ கேம்களின் பொற்காலம் என்பது ஒன்று. அதெல்லாம் ஒன்றுமில்லை, அப்போது நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தோம், அவ்வளவுதான் என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவது பதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த முக்கால்வாசியைச் சட்டென்று முடித்துவிடலாம். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பொற்காலம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் வருகிறது. ஒருவர் சூப்பர் மரியோ வந்த 1985 என்பார். இன்னொருவர் ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட், மெட்டல் கியர் சாலிட், ஒகரினா ஆஃப் டைம் எல்லாம் வந்த 1998க்காகச் சண்டைக்கு வருவார். பயோஷாக், போர்ட்டல் வந்த 2007ஐச் சொல்லும் கூட்டமும் இருக்கிறது. கொஞ்ச நாளில் மைன்கிராஃப்ட் பிள்ளைகளும் 'எங்கள் காலம் போல வராது' என்று ஆரம்பிப்பார்கள்.

குப்பையும் அன்றைக்குக் குறைவில்லை. 1983இல் வட அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், சந்தையில் குவிந்து கிடந்த மட்டமான கார்ட்ரிட்ஜ்கள், அதாவது எந்திரத்தில் செருகி ஆடும் கேம் பெட்டிகள். அட்டாரி நிறுவனம் ஐந்தே வாரத்தில் எழுதி முடித்து வெளியிட்ட இ.டி. கேமின் விற்காத பிரதிகளை, மற்ற சரக்குகளோடு சேர்த்து நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அந்த இடத்தைத் தோண்டி வெளியே எடுத்தும் காட்டினார்கள். நம் நினைவில் தங்கியிருப்பது நல்லது மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தக் குழியோடு போய்விட்டது.

சரி, மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். அன்றைய கேம்களில் ஒன்று நிஜமாகவே வேறாக இருந்தது: அந்த கேமுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது, எங்கே முடிகிறது என்று ஆடுபவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி குறைவு. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னால்தான் உண்டு. அவர் சொன்னதில் பாதி பொய்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்டன் மெக்னர் எழுதியது, 1989. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். நான்காவது லெவலில் வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தால், முன்பு இல்லாத ஒரு கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்ததும் நம் நிழல் மறுபக்கமாக எழுந்து ஓடிப் போகும், நம் உயிர் ஒரே ஒரு புள்ளியாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நிழல் நம்மை விடாது. நாம் குடிக்க வேண்டிய மருந்தை நம் கண் முன்னாலேயே எடுத்துக் குடித்துவிடும். எட்டாவது லெவலில் கதவு அடைத்துக்கொண்டு செய்வதறியாது நிற்கும்போது, இளவரசி அனுப்பிய வெள்ளை எலி ஒன்று ஓடிவந்து பலகையை மிதித்துக் கதவைத் திறக்கும்.

பன்னிரண்டாவது லெவலில் நிழல் வாளோடு எதிரே நிற்கும். அதை ஒரு முறை வெட்டினால் நம் உயிரும் ஒன்று போகும். அது செத்தால் நாமும் செத்தோம். எத்தனை முறை செத்தாலும் கேம் ஒரு வார்த்தை சொல்லாது. செய்ய வேண்டியது இதுதான்: வாளை உறையில் போட வேண்டும். நிழலும் போட்டுவிடும். பிறகு நேராக நடந்து போய் அதோடு கலந்துவிட வேண்டும். அதற்கப்புறம், தரையே இல்லாத வெற்றிடத்தில் நம்பிக்கையோடு ஓடினால் கால் வைக்கும் இடத்தில் எல்லாம் தரை முளைக்கும்.

இதை எனக்கு வாய்மொழியாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. சொன்னவருக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் செய்து கேமைத் திறந்தால் சீட் (குறுக்குவழி) வேலை செய்யும் என்பதும் அதே வழியில்தான் எங்கள் காதுக்கு வந்தது. ஒன்று கேமின் கதை, இன்னொன்று புரோகிராமர் வைத்த புறவாசல். எங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி மந்திரம்தான்.

இந்த நிழல் பிறந்த கதையும் வேடிக்கையானது. மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அந்தப் படங்களே ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் நினைவகத்தை அடைத்துக்கொண்டன. வேறொரு எதிரியை வரைய இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதன் மேலேயே போட்டுக் கலக்கினார். மினுங்கும் ஒரு நிழலுருவம் கிடைத்தது. தட்டுப்பாட்டில் பிறந்த எதிரி அது. ஆனால் அந்த கேமில் யாருக்கும் மறக்காத பாத்திரமும் அதுதான்.

இந்தத் தெரியாமை வதந்திகளையும் வளர்த்தது. மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை கேமின் முதல் பாகம் ஓடிய ஆர்கேட் எந்திரத்தில் (கடைகளில் காசு போட்டு ஆடுவது), கடைக்காரர்கள் பார்க்கும் கணக்குத் திரையில் 'எர்மேக்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. புரோகிராமர்கள் பிழைகளை எண்ணுவதற்குப் போட்ட பெயர் அது. அதைப் பார்த்தவர்கள், எர்மேக் என்று ஒரு ரகசிய சிவப்பு நிஞ்ஜா இருக்கிறான் என்று கிளப்பிவிட்டார்கள். 'நானே அவனோடு சண்டை போட்டேன்' என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தார். கடைசியில் 1995இல் வந்த அல்டிமேட் மோர்ட்டல் கொம்பாட் 3இல் எர்மேக்கை நிஜமான பாத்திரமாகவே சேர்த்துவிட்டார்கள். வதந்திக்கு உயிர் கொடுத்ததை இதைவிட நேரடியாக எங்கும் பார்க்க முடியாது.

போக்கிமான் ஆடியவர்களுக்கு அந்த லாரி நினைவிருக்கும். துறைமுகத்தில், கப்பலுக்குப் பக்கத்தில், காரணமே இல்லாமல் ஒரு லாரி நிற்கும். அதைத் தள்ளினால் அடியில் மியூ என்ற அபூர்வ போக்கிமான் இருக்கிறது என்றார்கள். லாரி நகரவே நகராது. ஆனால் மியூ இருந்தது உண்மை. கேமை முடிக்கும் தறுவாயில், சோதனைக்காக வைத்திருந்த கருவிகளை நீக்கியதும் கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஷிகெகி மொரிமோட்டோ என்ற புரோகிராமர் அந்த இடத்தில் மியூவைச் செருகிவிட்டார். லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல வருடங்களுக்குப் பிறகு வேறொரு பிழையைப் பயன்படுத்தி மியூவை வரவழைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆக, வதந்தி பொய், அதன் மையம் மட்டும் மெய். 2004இல் அந்த கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, தேடி வருபவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்றோ என்னவோ, லாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொருளை மறைத்து வைத்தார்கள்.

பிழையா ரகசியமா என்று பிரித்துப் பார்க்க முடியாததும் இதில் சேர்த்தி. சூப்பர் மரியோவில் 1-2இன் (முதல் உலகத்தின் இரண்டாவது லெவல்) முடிவில் சுவருக்குள் ஊடுருவிப் போய், குறிப்பிட்ட குழாயில் இறங்கினால் 'வேர்ல்டு -1' என்று திரையில் வரும். தண்ணீருக்குள் நீந்தும் லெவல். முடிவில் குழாய்க்குள் போனால் மறுபடி ஆரம்பத்திலேயே கொண்டுவந்து விடும். வெளியேற வழி கிடையாது. உண்மையில் அது 36ஆம் உலகம், அந்த எண்ணுக்கான படம் வெற்றுக் கட்டம் என்பதால் கோடும் அதன் பின்னால் உள்ள 1உம் மட்டும் தெரிகிறது. இதெல்லாம் இன்று தெரிகிற விளக்கம். அன்று அது, தயாரித்தவர்கள் மறைத்து வைத்த நரகம். பேக்-மேனின் 256ஆவது லெவலில் பாதித் திரை எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிப் போவதும் 255க்கு மேல் எண்ணத் தெரியாத எட்டு பிட் எண்ணிக்கை நிரம்பி வழிந்த கதைதான். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவன் உலகத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி பேசுவான்.

தயாரிப்பாளர்களும் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். அட்டாரியில் புரோகிராமர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்பதால், வாரன் ராபினெட் தன் அட்வென்ச்சர் கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை எழுதி வைத்தார். அங்கே போக, தரையின் நிறத்திலேயே இருக்கும் ஒற்றைப் புள்ளி ஒன்றைத் தேடி எடுத்து வர வேண்டும். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. ராபினெட் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். ஜப்பானில் 1984இல் வந்த டவர் ஆஃப் துருவாகாவில் 60 மாடிகள். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. அது எப்படி வெளிப்படும் என்பதற்குத் துப்பே கிடையாது. ஆர்கேடுக்கு வருபவர்கள் தாங்கள் கண்டதை அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போக, அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு ஆடினார். நோட்டு இல்லாமல் அந்த கேமே இல்லை.

இதை ஒரேயடியாகக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. துருவாகாவை இன்று யாராவது என்னிடம் கொடுத்தால் பத்தாவது மாடியோடு கும்பிடு போட்டுவிடுவேன். துப்பு தராமல் ஆளைத் திணறடித்துவிட்டு, வழிகாட்டிப் புத்தகம் விற்றும், போன் செய்தால் சொல்கிறோம் என்று கட்டணம் வாங்கியும் சம்பாதித்தவர்கள் உண்டு. பழைய சாகச கேம்கள் சிலவற்றில், ஆரம்பத்தில் ஒரு பொருளை எடுக்காமல் விட்டிருந்தால் கடைசிவரை ஆடிய பிறகுதான் முடிக்க முடியாது என்பது தெரியும். அதற்குப் பெயர் மர்மம் இல்லை, வன்மம்.

இப்போது என்ன நடக்கிறது? பெரிய கேம் ஒன்று வெளியான அன்றே அதன் ஃபைல்களைப் பிரித்து உள்ளே இருப்பதை எல்லாம் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். மாலைக்குள் விக்கி தயார். கேமுக்குள்ளேயே அம்புக்குறி வழிகாட்டுகிறது, ஏற வேண்டிய திட்டுகளில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இணையம் வந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. ஆடுபவர் இரண்டு நிமிடம் முழித்தால் எழுந்து போய்விடுவார் என்று தயாரிப்பாளர் பயப்படுகிறார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு, ஸ்டீம் என்ற இணையக் கடையில் மட்டும் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புது கேம்கள் வருகின்றன.

'எல்லாம் சின்ன வயது மயக்கம்' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1989இல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸில் 29ஆவது லெவலுக்கு மேல் மனிதரால் தாக்குப்பிடிக்க முடியாது என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் 157ஆவது லெவல் வரை போய் கேமையே உறைய வைத்தான். மனிதர் ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல் முறை. அவனுக்கு அந்தக் காலத்து ஏக்கம் எங்கிருந்து வரும்? 34 வருடமாக யாரும் எட்டாத ஒரு விளிம்பு அந்த கேமில் மிச்சம் இருந்தது. அது அவனை இழுத்தது.

எதற்கும் ஒரு பழைய கேமை எடுத்து ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லலாம் என்றால், அதுவும் சுலபமில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மயக்கமா உண்மையா என்று சோதிக்கச் சரக்கே கையில் இல்லை.

அந்தத் தெரியாமை வேண்டும் என்றால் புது கேம்களிலும் கிடைக்கிறது, தேட வேண்டும், அவ்வளவுதான். 2022இல் வந்த டியூனிக்கில், கேமின் கையேட்டையே ஒவ்வொரு தாளாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அதுவும் புரியாத ஒரு கற்பனை எழுத்தில் இருக்கும். படங்களையும் ஓரத்தில் கிறுக்கியிருக்கும் குறிப்புகளையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். எந்தப் பொத்தான் எதற்கு என்பதைக்கூட பாதி கேம் போன பிறகு கண்டுபிடித்து, 'அடப்பாவி, இது முதலிலிருந்தே இருந்ததா' என்று தலையில் அடித்துக்கொள்வோம்.

2024இல் வந்த அனிமல் வெல் இதைவிட ஒரு படி மேலே. பில்லி பாஸ்ஸோ என்ற ஒரே ஆள் பல வருடம் உட்கார்ந்து எழுதியது, அளவு 40 எம்பிகூட இல்லை. மேலோட்டமாக ஆடி முடிப்பவருக்கு அது ஒரு கேம். துருவிக்கொண்டே போனால் அதற்கடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் வேறொன்று. அதில் ஒரு முயல் சித்திரப் புதிர் இருக்கிறது. ஒவ்வொருவருடைய கேமிலும் சித்திரத்தின் ஒரு துண்டுதான் வரும். வெவ்வேறு துண்டு வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து ஒட்டினால்தான் முழுப் படம். துருவாகா நோட்டு எதற்காக இருந்ததோ அதற்காகவே கட்டிய புதிர். படம் முழுதாகி இணையத்தில் வந்தாயிற்று, நீங்கள் ஆடுவதாக இருந்தால் தேடிப் பார்த்துவிடாதீர்கள். நண்பர் ஒருவரையும் கூடவே ஆடச் சொல்லுங்கள், கண்டதைப் பேச்சில் மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் கொஞ்சம் புளுகுவார். பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.