பின்னணியில் ஒளித்து வைத்த ஜோக் எனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: வெப் சீரீஸ் நிறைய பார்ப்பேன். ஆனால் கூடப் பார்க்கிற நண்பர்கள் "பின்னால் இருந்த போர்டைப் படித்தாயா, அந்த நம்பரைக் கவனித்தாயா" என்று கேட்கும்போதுதான் அப்படியொன்று இருந்ததே எனக்குத் தெரிகிறது. சில நேரம் அவர்கள் சொல்வது வலிந்து இழுத்தது போலவும் இருக்கிறது. கதையை ரசிப்பது கெடாமல் இந்த ஈஸ்டர் எக் சமாச்சாரங்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா? வேண்டுமென்றே வைத்தது எது, தற்செயல் எது என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் தடவை பார்க்கும்போது எதையும் தேடாதீர்கள். நீங்கள் கவனிக்காமல் விடுவது உங்கள் குறையில்லை, அப்படி விட வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியையே அமைத்திருப்பார்கள். பேசுகிறவரின் முகம், வசனம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கும். ஜோக் வேறு ஓரத்தில் இருக்கும். 'கம்யூனிட்டி' தொடரின் இரண்டாம் சீசனில், 2010இல் வந்த ஒரு எபிசோடில், முன்னால் மற்றவர்கள் தங்கள் பிரச்சினையைப் பேசிக்கொண்டிருக்க, பின்னணியில் அபெட் என்ற பாத்திரம் ஒரு கர்ப்பிணியைச் சந்தித்து, கடைசியில் அவளுக்குப் பிரசவமே பார்த்துவிடுகிறான். முன்னால் ஓடும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் தடவையிலேயே இதைப் பிடித்தவர் அந்த எபிசோடின் கதையை ஒழுங்காகப் பார்த்திருக்க முடியாது என்பேன்.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே கிடக்கும். அதனால் பிடித்த எபிசோடை மட்டும் இரண்டாம் தடவை சப்டைட்டில் இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள், கதைதான் ஏற்கெனவே தெரியுமே. அப்போது திரையின் மற்ற மூலைகள் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி, எங்கே பார்ப்பது? நான் பார்க்கும் முறை எளிது: யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்த பொருள் எது என்று பார்ப்பேன். மேசை, நாற்காலி, தெரு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு கடைப் பலகையில் என்ன எழுதுவது, கம்ப்யூட்டர் திரையில் என்ன ஓட வேண்டும், கரும்பலகையில் என்ன இருக்க வேண்டும், வண்டிக்கு என்ன நம்பர் என்பதையெல்லாம் ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவை எடுக்கிற ஆளுக்குக் கொஞ்சம் குறும்பு இருந்தால் போதும். கார்ட்டூன் தொடர்களில் இது பல மடங்கு அதிகம், ஏனென்றால் அங்கே திரையில் தெரிகிற எல்லாமே யாரோ வரைந்தது. வீட்டில் வீடியோ கேசட்டைப் பதிவு செய்து நிறுத்திப் பார்க்கிற வசதி பரவிய பிறகுதான், அரை வினாடி மட்டும் வந்து போகிற, நிறுத்தினால் மட்டுமே படிக்க முடிகிற ஜோக்குகளை எழுத்தாளர்கள் துணிந்து வைத்தார்கள். அதற்கு முன் யார் பார்த்திருப்பார்கள்?

எண்களில்தான் அதிகம் சரக்கு இருக்கிறது. 'தி சிம்ப்சன்ஸ்', 'ஃப்யூச்சராமா' இரண்டையும் எழுதியவர்களில் கணிதமும் கணினி அறிவியலும் முறையாகப் படித்தவர்கள் பலர்; டேவிட் எக்ஸ். கோஹன் கணினி அறிவியலில் முதுகலை, கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர். 1995இல் வந்த சிம்ப்சன்ஸ் ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழும்போது பின்னால் ஒரு சமன்பாடு மிதந்து போகும்: 1782இன் 12ஆம் அடுக்கையும் 1841இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 1922இன் 12ஆம் அடுக்கு. இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் இரண்டு நேர் முழு எண்களைக் கூட்டி இன்னொரு முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பதுதான் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம்; இது உண்மையானால் அந்தத் தேற்றமே பொய் என்றாகிவிடும், அதுவும் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சில் வந்த அதே வருடத்தில். சாதாரண கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தவர்கள் ஆடிப்போயிருப்பார்கள், ஏனென்றால் இரண்டு பக்கமும் முதல் 9 இலக்கங்கள் அப்படியே பொருந்தும். கோஹன் இதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதித் தேடிப் பிடித்த எண்கள் இவை. ஆனால் கால்குலேட்டர் இல்லாமலே உடைத்துவிடலாம்: 1782 இரட்டைப்படை, 1841 ஒற்றைப்படை, எத்தனை அடுக்குக்குப் போனாலும் இவற்றின் கூட்டுத்தொகை ஒற்றைப்படைதான், வலது பக்கமோ இரட்டைப்படை. 1998இல் வந்த வேறொரு எபிசோடில் ஹோமரின் கரும்பலகையில் இன்னொன்று இருக்கும்: 3987, 4365, 4472, அதே 12ஆம் அடுக்கு. இதில் ஒற்றை இரட்டை வைத்து உடைக்க முடியாது. 3ஆல் வகுத்துப் பாருங்கள், இடது பக்கம் இரண்டும் வகுபடும், வலது பக்கம் வகுபடாது. இந்த மாதிரி ஒரு ஜோக்கைத் தானே உடைத்துப் பார்க்கிற சுகம், யாரோ சொல்லிக் கேட்பதில் கிடைக்காது.

'ஃப்யூச்சராமா'வில் பெண்டர் என்கிற ரோபோவுக்கு அவனைச் செய்த இயந்திரம் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பும், அதில் மகன் எண் 1729 என்று இருக்கும். மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்ஸியின் அதே எண்தான். இரண்டு நேர் முழு எண்களின் கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண்: 1, 12 அல்லது 9, 10. தற்செயல் என்று யாராவது சொன்னால், இன்னொரு எபிசோடைக் காட்டுங்கள். அங்கே பெண்டரும் ஃப்ளெக்ஸோ என்ற இன்னொரு ரோபோவும் தங்கள் சீரியல் நம்பரைச் சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்; கேட்டால், இரண்டுமே இரண்டு கனங்களின் கூட்டல் என்று விளக்கமும் வரும். பெண்டரின் நம்பர் 2716057. அது 952இன் கனத்திலிருந்து 951இன் கனத்தைக் கழித்தது, அதாவது ஒரு கனம் எதிர்மம். ஒரு வரிச் சிரிப்புக்கு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்கள். கீலர் இதையும் தாண்டினார். 2010இல் உடல் மாறாட்டக் கதை ஒன்றில், எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தால் எல்லோரையும் பழைய உடலுக்குத் திருப்பிவிடலாம் என்பதற்கு நிஜமான நிரூபணம் எழுதி, அதை எபிசோடிலேயே பலகையில் காட்டினார்.

எபிசோடு தலைப்புகளை அநேகம் பேர் பார்ப்பதே இல்லை. சீசன் முடிந்ததும் எல்லாத் தலைப்பையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. (அடுத்த வரிகளில் 'பிரேக்கிங் பேட்', 'பெட்டர் கால் சால்' இரண்டின் திருப்பங்களும் வருகின்றன, பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனில், 2009இல், நான்கு எபிசோடுகள் நீச்சல் குளத்தில் மிதக்கும் பொம்மைக் கரடியோடு கறுப்பு வெள்ளையில் தொடங்கும். அந்த நான்கின் தலைப்பை மட்டும் சேர்த்தால் 'செவன் தர்ட்டி செவன், டவுன், ஓவர், ஏபிக்யூ', அதாவது ஆல்பகர்க்கி மேலே 737 விமானம் விழுகிறது. சீசன் எப்படி முடியும் என்பதை முதல் எபிசோடின் தலைப்பிலிருந்தே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 'பெட்டர் கால் சால்' இரண்டாம் சீசனில் பத்துத் தலைப்புகளின் முதல் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'பிரேக்கிங் பேட்' வில்லன் ஃப்ரிங் திரும்ப வருகிறார் என்று ஆங்கிலத்தில் வரும்.

காதுக்கும் வேலை உண்டு. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரின் தொடக்க இசையில் இசையமைப்பாளர் பாரிங்டன் ஃபெலூங், மோர்ஸ் என்ற பெயரை மோர்ஸ் தந்திக் குறியீட்டிலேயே தாளமாக வைத்தார். அதோடு விடாமல் சில எபிசோடுகளின் பின்னணி இசையில் கொலைகாரனின் பெயரையும் அப்படியே தட்டினார், சிலவற்றில் நம்மைத் திசைதிருப்ப வேறு ஆளின் பெயரை. உள்குத்து என்றால் இதுதான் உள்குத்து.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுவதால் இப்போது அதிகம் தவறிப்போவது இங்கேதான், செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். சக் லோரி தயாரித்த காமெடித் தொடர்களின் முடிவில் ஒரு வினாடி மட்டும் அவர் எழுதிய குட்டிக் கட்டுரை ஒன்று திரையில் வந்து போகும், பாஸ் செய்தால்தான் படிக்க முடியும். 'ஹவுஸ்' தொடரில் டாக்டரைச் சுடுகிறவனுக்குக் காட்சியில் பெயரே கிடையாது, பெயர்ப் பட்டியலில் மோரியார்டி என்று இருக்கும். ஹவுஸ் குடியிருக்கும் வீட்டின் எண்ணும் 221பி. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் மோரியார்டி ஹோம்ஸின் எதிரி, 221பி ஹோம்ஸின் வீட்டு எண்.

அப்புறம் ஒரு தொழில்நுட்ப விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. பழைய தொடர்களை அகலத் திரைக்கு மாற்றும்போது மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், ஜோக்கும் அதோடு போய்விடுகிறது. 2019இல் டிஸ்னி பிளஸ்ஸில் சிம்ப்சன்ஸ் வந்தபோது இதுதான் நடந்தது. டஃப் பீர் ஆலைக் காட்சியில் மூன்று வகை பீர் என்று மூன்று தொட்டிகள் இருக்கும், மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் வரும். மேல்பகுதியை வெட்டியதும் குழாய் காணோம், வெறும் மூன்று தொட்டிகள்தான். சத்தம் கிளம்பிய பிறகு 2020இல் பழைய சதுர வடிவத்தையும் சேர்த்தார்கள். 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் 'சைன்ஃபெல்ட்' வந்தபோது, சாலைப் பள்ளத்தைப் பற்றிய எபிசோடிலேயே பள்ளம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஆகவே பழைய வடிவம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டகம் சட்டகமாக நகர்த்த விஎல்சி பிளேயரில் ஆங்கில E விசை, யூடியூபில் நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் சந்தேகம் நியாயமானது, எதைப் பார்த்தாலும் குறியீடு என்று சொல்கிற கூட்டம் எல்லா மொழியிலும் இருக்கிறது. முதலில் தொழில் பழக்கங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். தொலைபேசி எண் 555 என்று தொடங்கினால் அதில் மர்மம் எதுவும் இல்லை, நிஜ ஆளுக்கு அழைப்பு போய்விடக் கூடாது என்பதற்காக அமெரிக்காவில் கதைகளுக்கு வைத்துக்கொள்கிற எண் அது. ஒரே நாளிதழ் பல தொடர்களில் வருகிறது, ஒரே சிகரெட் பெட்டி, மோர்லி என்ற பெயரில், பல தொடர்களில் வருகிறது என்றால் எல்லாக் கதைகளும் ஒரே உலகில் நடப்பதாக அர்த்தமில்லை. நிஜ நிறுவனத்திடம் அனுமதி வாங்கும் தொல்லை வேண்டாம் என்று எல்லோரும் அந்தப் பொருட்களையே எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்தது வெறும் தவறு. 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' விருந்துக் காட்சியில் மேசைமேல் காபி கப் தெரிந்ததே, அது யாரோ எடுக்க மறந்தது. பின்னர் டிஜிட்டலாக அழித்துவிட்டார்கள். வேண்டுமென்றே வைத்ததை யாரும் அவசரமாக அழிக்க மாட்டார்கள்.

மிச்சமிருப்பதில் ஒரே சோதனை: அந்த இடத்தில் வேறு எது இருந்தாலும் கதை ஓடியிருக்குமா, அப்படியிருந்தும் மெனக்கெட்டு இதையே வைத்திருக்கிறார்களா? 'கம்யூனிட்டி'யின் முதல் மூன்று சீசன்களில் சீசனுக்கு ஒரு தடவை யாராவது 'பீட்டில்ஜூஸ்' என்று ஒரு சினிமாப் பேயின் பெயரைச் சொல்வார்கள். மூன்றாவது தடவை சொன்னதும் அந்தப் பாத்திரத்தின் கோடு போட்ட உடையில் ஒருவர் பின்னால் நடந்து போவார். மூன்று முறை பெயர் சொன்னால் வருகிறவர் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் கதை. துணை நடிகருக்கு உடை தைத்து, நேரம் பார்த்து நடக்கவிட்டிருக்கிறார்கள், இதில் தற்செயலுக்கு இடமே இல்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் 47 திரும்பத் திரும்ப வருவது உண்மை, பொமோனா கல்லூரியில் படித்த எழுத்தாளர் ஜோ மெனோஸ்கி எங்கும் 47ஐத் தேடுகிற அந்தக் கல்லூரி விளையாட்டைக் கூடவே கொண்டுவந்தார். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்களுக்கு 47 எங்கும் தெரியும், 46 வந்தால் நினைவிலேயே நிற்காது. 'சைன்ஃபெல்ட்'டின் ஒவ்வொரு எபிசோடிலும் சூப்பர்மேன் ஒளிந்திருக்கிறார் என்ற கதையும் இப்படித்தான் வளர்ந்தது. பலவற்றில் இருக்கிறார், எல்லாவற்றிலும் இல்லை. எழுதியவரே அர்த்தமில்லாமல் வைப்பதும் உண்டு: 'பஃபி' தொடரின் ஒரு கனவு எபிசோடில் சீஸ் துண்டுகளோடு ஒருவர் வந்து வந்து போவார், அவருக்கு அர்த்தமே கிடையாது என்று ஜாஸ் வீடன் சொல்லியிருக்கிறார். அதே தொடரில் வேறொரு கனவில் 730 என்று ஒரு கணக்கு வரும் (நாட்களாக எண்ணினால் சரியாக இரண்டு வருடம்), அதை அலட்சியமாக விட்டவர்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் தலையில் கை வைத்தார்கள்.

பழகுவதற்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் 'கிராவிட்டி ஃபால்ஸ்', இரண்டே சீசன். எபிசோடு முடிவில் ஒரு சங்கேத வரி வரும், முதலில் மூன்றெழுத்து பின்னால் தள்ளிப் படிக்கிற சீசர் முறை, பிறகு எழுத்து வரிசையைத் தலைகீழாக்குவது, பிறகு எண்கள் என்று போகப் போகக் கடினமாகும். எப்படி உடைப்பது என்கிற துப்பும் தொடக்கப் பாட்டின் முடிவில் தலைகீழாக ஓடும் முணுமுணுப்பில் இருக்கிறது. 26 ஆங்கில எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் எபிசோடிலேயே தேவைப்படும்.