பீட்டில்ஸின் ஹாம்பர்க் டேப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பீட்டில்ஸ் 1962-ல் ஹாம்பர்க் நகரின் ஸ்டார் கிளப்பில் பாடிய ஒலிப்பதிவை அண்மையில் கேட்டேன். அத்தனை கரகரப்புக்கு நடுவிலும் அந்த வேகம் ஆளைத் தூக்கிவிடுகிறது. ஆனால் ஒரு குழப்பம். நண்பர் காட்டிய பழைய குறிப்பில், இது 1962 வசந்த காலப் பதிவு, குழுவின் அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட் வராததால் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசித்தார் என்று இருக்கிறது. வேறு இடங்களில் டிசம்பர் 31 இரவு என்கிறார்கள். எது சரி? இந்த மாதிரிப் பதிவுகளின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

டிசம்பர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிசம்பர் 18 முதல் 31 வரை அவர்கள் ஸ்டார் கிளப்பில் வாசித்தார்கள். பதிவு முழுக்க 31-ஆம் தேதி ஒரே ராத்திரியில் எடுத்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கடைசி நாட்களில் பல இரவுகளில் எடுத்தவை ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதில் ‘ரெமினிஸிங்’ இருக்கிறது. பட்டி ஹாலி 1958-ல் பாடிவிட்டுப் போன பாட்டு அது. அடுத்த ஆண்டே அவர் விமான விபத்தில் இறந்துவிட்டார். பாட்டு கிடப்பில் கிடந்து, புதிதாகப் பின்னணி சேர்க்கப்பட்டு, 1962-ன் பிற்பாதியில்தான் கடைக்கு வந்தது. வெளிவராத பாட்டை ஏப்ரலில் ஹாம்பர்க் மேடையில் எப்படிப் பாட முடியும்? டாமி ரோவின் ‘ஷீலா’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்தச் செப்டம்பரில். ‘ஐ ரிமெம்பர் யூ’ பழைய பாட்டுதான். ஆனால் அதை ஹார்மோனிகாவோடு இங்கிலாந்து முழுக்க முணுமுணுக்க வைத்தவர் ஃபிராங்க் ஐஃபீல்ட், அந்த வருடக் கோடையில். இவர்கள் பாடுவதிலும் அதே ஹார்மோனிகா கேட்கிறது. போதாததற்கு, பாட்டுக்கு நடுவே மேடையில் கிறிஸ்துமஸ் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்!

அப்படியானால் வசந்த காலம் என்ற கதை எங்கிருந்து வந்தது? இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு அவர்கள் ஒப்பந்தத்துக்குள் வந்தது 1962 ஜூனில். அதற்கு முந்தைய பதிவு என்றால் இஎம்ஐ உரிமை கோருவது கடினம். ஆனால் டேப்பில் டிரம்ஸ் வாசிப்பது ரிங்கோ, அவர் குழுவில் சேர்ந்ததோ ஆகஸ்டில். அதைச் சமாளிக்கத்தான் ‘பீட் பெஸ்ட் வரவில்லை’ என்ற கதை தேவைப்பட்டிருக்கிறது. இதை ஞாபகப் பிசகாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பதிவுக்குத் தேதி போட்டிருந்தால், அந்தத் தேதியால் யாருக்கு லாபம் என்று முதலில் கேளுங்கள்.

பதிவு செய்த விதத்தில் பெரிய மர்மம் கிடையாது. லிவர்பூல் பாடகர் டெட் ‘கிங்சைஸ்’ டெய்லர் கேட்டுக்கொள்ள, கிளப்பின் மேடை நிர்வாகி ஏட்ரியன் பார்பர் ஒரு வீட்டு உபயோக கிரண்டிக் ரெக்கார்டரில், மேடைக்கு முன்னால் ஒரே ஒரு மைக் வைத்து எடுத்தார். டேப் ஓடியது நொடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில். பேச்சுக்கு அது போதும், ராக் இசைக்குப் போதாது. ஒற்றை மைக்கும் அந்த மெதுவான வேகமும் சேர்ந்துதான் பாடும் குரலை அமுக்கிவிட்டன.

அப்புறம் அந்த ரீல்கள் எங்கே கிடந்தன என்பதில்தான் சிக்கல். வீட்டில் மறந்துபோய்க் கிடந்தது, ஒரு காலத்தில் பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் கொண்டுபோனபோது அவர் 20 பவுண்டுதான் தருவதாகச் சொன்னார் என்பது டெய்லரின் கதை. குழுவின் ஆரம்பகால மேலாளர் ஆலன் வில்லியம்ஸ் சொல்வது வேறு: ஒரு ஒலிப்பொறியாளரிடம் கொடுத்து வைத்து, 1972-ல் கைவிடப்பட்ட அலுவலகக் குப்பைக்கு அடியிலிருந்து மீட்டார்களாம். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. நல்லவேளையாக, தேதியைத் தீர்மானிக்க இரண்டுமே தேவையில்லை.

1977-ல் 26 பாட்டுகளோடு ஆல்பம் வந்தது. பீட்டில்ஸ் தரப்பு தடை கேட்டும் அப்போது கிடைக்கவில்லை. 1998-ல் லண்டன் நீதிமன்றத்தில் ஜார்ஜ் ஹாரிசன் நேரில் வந்து சாட்சி சொன்னார். பீர் வாங்கிக் கொடுத்ததற்கு லெனன் வாய்மொழியாக அனுமதி தந்தார் என்பது டெய்லரின் வாதம். குடித்துவிட்டுப் பேசியதெல்லாம் ஒப்பந்தம் ஆகாது என்றார் ஹாரிசன். தீர்ப்பு பீட்டில்ஸுக்குச் சாதகமானது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அதேசமயம் அன்று அந்த மைக்கை வைக்காமல் போயிருந்தால், புகழுக்கு ஒரு அடி முன்னால் நின்ற அந்த நால்வரை இவ்வளவு கிட்டத்தில் நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

மறுபடி கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘பீ-பாப்-அ-லூலா’, ‘ஹலலூயா ஐ லவ் ஹர் ஸோ’ இரண்டிலும் குரல் வேறு மாதிரி இருக்கும். பதிவையே சந்தேகப்பட வேண்டாம். முதலாவதைப் பாடியது கிளப்பின் பணியாள் ஃபிரெட் ஃபாஷர், இரண்டாவது கிளப் மேலாளர் ஹார்ஸ்ட் ஃபாஷர். பின்னால் வாசிப்பது பீட்டில்ஸ்தான்.